நீதிமான்கள் நால்வரும் துரோகி ஒருவரும்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த முதியவர் ஒருவர் ஊமைப்படக் காலத்தைக் கண்டவர். இளமையில் மருதானை எல்பின்ஸ்டனுக்கு நடந்தே சென்று பயஸ்கோப் பார்த்த கதைகளை மாலை வேளைகளில் எங்களுக்குச் சொல்வார். அவற்றுள் ஒன்று இன்னமும் என் காதில் ஒலிக்கிறது. திரையில் முகமூடி அணிந்த கூட்டமொன்று கெட்ட செல்வந்தன் ஒருவனுக்குக் கடிதம் எழுதுமாம். கடிதத்தின் வாசகம் ஆங்கிலத்தில் திரை முழுவதையும் நிரப்பிக்கொண்டு நிற்கும். கலரியில் அமர்ந்திருப்பவர்களுள் ஆங்கிலம் தெரிந்த யாரேனும் ஒருவர் எழுந்து அதை உரத்த குரலில் தமிழாக்கிச் சொல்வார். "இன்று நள்ளிரவுக்குள் உனக்குத் தண்டனை" என்று அவர் முடிப்பதற்குள் கொட்டகை விசிலால் அதிரும்.

"கடிதம் எழுதினவன் ஆரெண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லைத் தம்பி. கடிதம் வந்திட்டுதெண்டால் அவன் கெட்டவன்தான்" என்று சிரிப்பார் முதியவர்.

அவர் விளையாட்டாகச் சொன்ன அந்த வார்த்தையின் பொருள் விளங்குவதற்கு எனக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

இரகசியமாகக் கூடித் தீர்ப்பு வழங்கித் தாமே தண்டனையும் நிறைவேற்றும் சங்கங்களின் கதை, ஊமைப்படங்களுக்கென்றே பிறந்தது போன்ற ஒன்று. பேச்சு வேண்டியதில்லை. ஒரு கடிதம், ஒரு கடிகாரம், பூட்டிய கதவு, அஞ்சி நிற்கும் ஒரு முகம் ஆகியவை போதும். இவ்வகைப் படங்களுள் பெயர்பெற்ற ஒன்று 1921இல் இங்கிலாந்தின் ஸ்டோல் நிறுவனம் தயாரித்த 'த ஃபோர் ஜஸ்ட் மென்'. நீதிமான்கள் நால்வர் என்று நாம் தமிழில் சொல்லலாம். ஜோர்ஜ் ரிட்ஜ்வெல் இயக்கினார். நால்வருக்கும் தலைவனான மான்ஃபிரெட் வேடத்தில் செசில் ஹம்ஃப்ரீஸ் நடித்தார். கதை எட்கார் வாலஸ் 1905இல் எழுதிய நாவல்.

இந்த நாவலை நான் வாசித்தது 1973இல். லேக் ஹவுஸுக்கு அருகே மக்கலம் வீதியில் வரிசையாக இருந்த பழைய புத்தகக் கடைகளில், அட்டை கிழிந்த பிரதி ஒன்று ஒரு ரூபாவுக்கும் குறைவாகக் கிடைத்தது. ஒரே இரவில் வாசித்து முடித்தேன். முடித்தபோது நான் முழுமையாக அந்த நால்வரின் பக்கம் நின்றேன். அதற்குக் காரணம் இருந்தது.

கதை இதுதான். பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் சேர் பிலிப் ராமோன் பாராளுமன்றத்தில் ஒரு சட்டமூலத்தைக் கொண்டு வருகிறார். தம் நாட்டு அரசுகளுக்கு அஞ்சி இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்திருக்கும் அரசியல் அகதிகளை அந்த அரசுகளிடமே திருப்பி ஒப்படைக்க அது வழிசெய்யும். ஸ்பானியத் தலைவர் ஒருவரின் உயிர் இச்சட்டத்தில் தங்கியிருக்கிறது. சட்டமூலத்தைக் கைவிடாவிட்டால் கொல்வோம் என்று நால்வரும் அமைச்சருக்குக் கடிதம் எழுதுகிறார்கள். எச்சரிக்கை வெறும் வார்த்தையல்ல என்பதைக் காட்டப் பாராளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே குண்டு ஒன்றைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். அமைச்சர் பணியவில்லை. குறித்த நாளில், குறித்த நேரத்தில், பொலிஸ் படை சூழ்ந்து நிற்க, பூட்டிய அறைக்குள் அவர் பிணமாகிறார். தொலைபேசிக் கம்பியின் வழியே செலுத்தப்பட்ட மின்சாரம் அவரைக் கொன்றிருக்கிறது. நால்வருள் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒருவனும் அதே மின்சாரத்தால் மடிகிறான்.

வாலஸ் இக்கதையை வெற்றிடத்திலிருந்து எழுதவில்லை. ரஷ்யாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்துகொண்டிருந்த யூதர்களைக் கட்டுப்படுத்தும் நோக்கத்தோடு பிரித்தானியா அந்நியர் சட்டத்தை நிறைவேற்றியதும் அதே 1905இல்தான். சமயத்துக்காகவோ அரசியலுக்காகவோ துன்புறுத்தப்பட்டு ஓடிவருவோருக்கு அந்தச் சட்டம் ஒரு விதிவிலக்கை வைத்திருந்தது. வாலஸின் கற்பனைச் சட்டமூலமோ அந்தக் கதவையும் மூடுகிறது. இன்று டொரொன்டோவிலும் பாரிஸிலும் ஒஸ்லோவிலும் இருந்து இதனை வாசிக்கும் பலருக்கு அந்தக் கதவு எது என்பதை விளக்க வேண்டியதில்லை.

1973இல் எனக்கும் அது விளங்கியது. அவ்வாண்டில்தான் தமிழ்நாட்டில் கைதுசெய்யப்பட்ட குட்டிமணி இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டார். தி.மு.க. ஆட்சிக் காலத்தில் நடந்த அந்த ஒப்படைப்புப் பற்றிய வாதங்கள் பின்னாளில் தமிழ்நாட்டு அரசியலில் நெடுங்காலம் ஓயவில்லை. பிறகு விடுதலையாகி, 1981இல் மீண்டும் கைதாகி, 1983 ஜூலை 25ஆம் திகதி வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். ஒப்படைக்கும் சட்டத்தைக் கொண்டுவரும் அமைச்சன் ஒருவனைக் கதையில் கொல்கிறார்கள் என்றால், இருபது வயதுத் தமிழ் இளைஞன் ஒருவன் யார் பக்கம் நிற்பான்?

ஆனால் அன்று நான் அவசரத்தில் தாண்டிப்போன ஒரு விடயம் அந்த நாவலில் இருந்தது. சேர் பிலிப் ராமோன் கெட்டவர் அல்லர். கையூட்டு வாங்கியவரல்லர், எவரிடமும் விலைபோனவருமல்லர். தாம் கொண்டுவரும் சட்டம் நாட்டுக்கு நல்லது என்று உண்மையாகவே நம்புகிறார். உயிருக்கு அஞ்சிப் பின்வாங்குவது பதவிக்கு இழுக்கு என்று கருதுகிறார். அவருடைய நேர்மையை நால்வரும் அறிவார்கள். அறிந்துகொண்டே கொல்கிறார்கள். வாலஸ் விறுவிறுப்புக்கு எழுதியவர், தத்துவவாதியல்லர். இருந்தும் இந்த இடத்தில் அவர் பொய் சொல்லவில்லை. நேர்மையான மனிதன் ஒருவனையும் இத்தகைய கூட்டம் கொல்லும் என்பதை அவர் மறைக்காமல் எழுதினார். 1921இன் ஊமைப்படத்திலும் ராமோன் அதே பெயருடன் வருகிறார்.

(நாவல் வெளிவந்த கதையும் சுவையானது. வெளியீட்டாளர் கிடைக்காமல் வாலஸ் தாமே பதிப்பகம் ஒன்றைத் தொடங்கி அச்சிட்டார். கொலை எப்படி நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டு, சரியாகக் கண்டுபிடிப்பவர்களுக்கு 500 பவுண் பரிசு என்று விளம்பரம் செய்தார். வெற்றி பெறுவோரின் தொகைக்கு எல்லை வைக்க மறந்துவிட்டார். சரியான விடைகள் குவிந்தன. கடன் தலைக்குமேல் ஏறியது. 'டெய்லி மெயில்' அதிபர் பணம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. பத்திரிகையாளர்கள் வியாபாரத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு என் தொழிலில் அன்றும் இன்றும் உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை.)

1905ஐ இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதே ஆண்டில் அமெரிக்காவில் தோமஸ் டிக்சன் என்பவர் 'த கிளான்ஸ்மன்' என்ற நாவலை வெளியிட்டார். அதிலும் இரகசியச் சங்கம். அதிலும் சட்டம் வழங்காத நீதியைத் தாமே வழங்கும் முகமூடிகள். அந்தச் சங்கத்தின் பெயர் கூ கிளக்ஸ் கிளான். கறுப்பின மக்களைக் கொன்றும் அச்சுறுத்தியும் வந்த கூட்டத்தை அந்நாவல் வெள்ளைப் பெண்களின் காவலர்களாக்கியது. டி. டபிள்யூ. கிரிஃபித் அதனைத் தழுவி 1915இல் 'த பர்த் ஒஃப் எ நேஷன்' என்ற ஊமைப்படத்தை எடுத்தார். வெள்ளை அங்கியும் முகமூடியும் அணிந்த குதிரை வீரர்கள் திரையில் பாய்ந்து வந்தபோது கொட்டகைகள் ஆர்ப்பரித்தன. வெள்ளை மாளிகையிலும் படம் காட்டப்பட்டது. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தினர் ஊர் ஊராக எதிர்ப்புத் தெரிவித்தும் ஓட்டத்தை நிறுத்த முடியவில்லை.

அப்போது கிளான் என்ற அமைப்பு ஏறத்தாழ மறைந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1915 நவம்பரில், அத்லாந்தாவில் படம் திரையிடப்படுவதற்குச் சில நாட்கள் முன்னர், வில்லியம் சிமன்ஸ் என்பவர் ஸ்டோன் மலையுச்சியில் சிலருடன் ஏறிச் சிலுவை ஒன்றைக் கொளுத்திக் கிளானை மீண்டும் தோற்றுவித்தார். சிலுவை கொளுத்தும் வழக்கம் பழைய கிளானில் இருந்ததே இல்லை. நாவலாசிரியரின் கற்பனை அது. படம் அதைக் காட்சியாக்கியது. பார்த்தவர்கள் அதைச் சடங்காக்கினார்கள். 1920களில் அந்த அமைப்பின் உறுப்பினர் தொகை இலட்சக்கணக்கில் பெருகியது. சினிமா வெறும் பொழுதுபோக்கு என்று வாதிடுவோரிடம் நான் எடுத்துச் சொல்லும் முதல் உதாரணம் இதுவே.

பிரான்சில் நடந்தது வேறுவகை. லூயி ஃபோயாட் என்ற இயக்குநர் கொள்ளைக் கூட்டம் ஒன்றைப் பற்றி எடுத்த தொடர்படம் குற்றவாளிகளைக் கவர்ச்சியாகக் காட்டுவதாகப் பொலிஸ் தரப்பு அதிருப்தி கொண்டது. அவர் அடுத்த படத்தில் அதே கறுப்பு உடையையும் அதே இரவுகளையும் அதே கடிதங்களையும் வைத்துக்கொண்டு குற்றவாளியை நீதிமானாக்கிவிட்டார். 1917இல் வெளிவந்த 'ஜூடெக்ஸ்' அது. லத்தீன் மொழியில் நீதிபதி என்று பொருள். ஆடை மாறவில்லை, பெயர்ப்பலகை மட்டும் மாறியது.

இனி வாலஸின் நால்வருக்குத் திரும்புவோம். 1939இல் ஈலிங் நிறுவனம் இதே கதையைப் பேசும் படமாக எடுத்தது. வோல்டர் ஃபோர்ட் இயக்கம். இப்படத்தை நான் பார்த்தது மிகப் பிந்தி, முதுமையில். பார்த்தபோது திடுக்கிட்டேன். அகதிகளை ஒப்படைக்கும் சட்டம் மறைந்துவிட்டது. நேர்மையான அமைச்சர் ராமோனும் மறைந்துவிட்டார். அவருடைய இடத்தில் ஹேமர் ரைமன் என்ற பாராளுமன்ற உறுப்பினர் நிற்கிறார். அவர் எதிரி நாட்டுடன் கூட்டுச் சேர்ந்த துரோகி. உலகப் போர் வாசலில் நின்ற வேளை அது. நால்வரும் தேசபக்தர்களாகிவிட்டார்கள். துரோகியை அவர்கள் கொல்லும்போது பார்வையாளன் ஆறுதல் கொள்கிறான்.

எழுத்தில் துணிந்து வைத்ததைத் திரையில் வைக்க முடியாமல் போனது ஏன்? நேர்மையானவனைக் கொன்றால் கொட்டகை விசிலடிக்காது. விசில் வேண்டுமானால் முதலில் கொல்லப்படுபவனைத் துரோகியாக்க வேண்டும். அதற்கு நீதிமன்றமோ சாட்சியோ வேண்டியதில்லை, கதையின் தொடக்கத்தில் இரண்டு காட்சிகள் போதும்.

எங்களுக்கு அந்த இரண்டு காட்சிகளும் தேவைப்படவில்லை. ஒரு சொல் போதுமாக இருந்தது.

1975 ஜூலை 27ஆம் திகதி யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். துரோகி என்ற சொல் அதற்கு முன்னரே மேடைகளில் எறியப்பட்டிருந்தது. எறிந்தவர்களுட் சிலர் பெரிய மனிதர்கள். எண்பதுகளின் நடுப்பகுதியில் வடக்கில் மின்கம்பங்களில் கட்டப்பட்டுச் சுடப்பட்டோரின் கழுத்தில் மட்டை ஒன்று தொங்கியது. 'சமூக விரோதி' என்றோ வேறு குற்றம் சாட்டியோ அதில் எழுதப்பட்டிருந்தது. ஊமைப்படத்தில் வரும் எழுத்துப் பலகைக்கும் அந்த மட்டைக்கும் என்ன வேறுபாடு? அதையும் ஒருவர் உரக்க வாசித்தார், சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். யார் எழுதியது என்று எவரும் கேட்கவில்லை.

தெற்கில் 1987 முதல் 1989 வரை கடிதங்களின் ஆட்சி. தேசப்பிரேமி ஜனதா வியாபாரய, அதாவது தேசபக்த மக்கள் இயக்கம், என்ற பெயரில் துண்டுகள் வரும். கடையைத் திறக்காதே, பஸ்ஸை ஓட்டாதே, வேலைக்குப் போகாதே என்று அவை கட்டளையிடும். தண்டிக்கப்பட்டவர்களின் சவப்பெட்டியை முழங்காலுக்கு மேல் உயர்த்திச் செல்லக்கூடாது என்றுகூட ஆணை வந்தது. ஜே.வி.பி.யின் ஆயுதப் பிரிவு அது என்று ஊரெல்லாம் அறியும்.

சினிமாவைப் பற்றிய கட்டுரை என்பதால் சினிமா மனிதர்களையே சொல்கிறேன். 1988 பெப்ரவரி 16ஆம் திகதி நடிகர் விஜய குமாரதுங்க கொழும்பில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிங்களத் திரையின் முதல்நிலைக் கதாநாயகன்; 'நங்கூரம்' என்ற நம் நாட்டுத் தமிழ்ப் படத்திலும் நடித்தவர். 1986இல் யாழ்ப்பாணம் சென்று புலிகளைச் சந்தித்துத் திரும்பியவர். இந்திய இலங்கை ஒப்பந்தத்தை ஆதரித்தவர். அவருக்கும் சூட்டப்பட்ட பெயர் துரோகி. அவருடைய இறுதி ஊர்வலத்தில் திரண்ட மக்கள் கடலைச் சுதந்திரச் சதுக்கத்தில் நான் கண்டேன். நூறு படங்களில் தீயவர்களை அடித்து வீழ்த்திய ஒருவரைத் தீயவர் என்று தீர்ப்பளித்தவர்களின் முகம் எவருக்கும் தெரியாது.

அடுத்த ஆண்டின் நடுப்பகுதியை நினைத்தால் இன்றும் உடல் கூசுகிறது. 1989 ஜூலை 13ஆம் திகதி அ. அமிர்தலிங்கமும் வெ. யோகேஸ்வரனும் கொழும்பு புல்லர்ஸ் வீதி வீட்டில், பேச வந்திருந்த விருந்தினரால், தேநீர் வேளையில் சுடப்பட்டார்கள். செய்தவர்கள் புலிகள். துரோகி என்ற சொல் ஒரு காலத்தில் எந்த மேடைகளிலிருந்து புறப்பட்டதோ அந்த மேடைகளுக்கே திரும்பி வந்தது என்று அன்றிரவு மூத்த நண்பர் ஒருவர் சொன்னார். பத்து நாட்களில் வானொலித் துறையின் தேவிஸ் குருகே கொல்லப்பட்டார். ஜூலை 31ஆம் திகதி அறிவிப்பாளரும் பாடலாசிரியருமான பிரேமகீர்த்தி த அல்விஸ். ஆகஸ்டில் கே. குணரத்தினம்.

குணரத்தினத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத் தமிழர். சினிமாஸ் நிறுவனத்தின் அதிபர். கொட்டாஞ்சேனைச் செல்லமஹாலில் எம்.ஜி.ஆர். படத்துக்கு அடிபட்டுச் சீட்டு எடுத்த எங்கள் தலைமுறைக்கு அவர் பெயர் பரிச்சயமானது. 1953இல் 'சுஜாதா', 1960இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய' முதலிய சிங்களப் படங்களைத் தயாரித்தவர். 1983 ஜூலையில் ஹெந்தளையில் இருந்த அவருடைய விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. உள்ளே இருந்த சிங்கள, தமிழ்ப் படங்களின் மூலச் சுருள்களும் சேர்ந்தே எரிந்தன. தமிழர் என்பதற்காக ஒரு கூட்டம் எரித்தது. அதன் பின்னரும் நாட்டைவிட்டுப் போகாமல் இருந்தவரை, ஆறு ஆண்டுகள் கழித்து, கிளர்ச்சிக் காலத்தில், வேறொரு கூட்டம் சுட்டது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் கணக்குச் சரியாகாது. கறுப்புப் பூனைகள், பச்சைப் புலிகள், கழுகுகள் என்றெல்லாம் பெயர் பூண்ட கூட்டங்கள் இரவில் வந்து இளைஞர்களைக் கொண்டு சென்றன. அவையும் தம்மை நீதிமான்கள் என்றே சொல்லிக்கொண்டன. அவற்றின் பின்னால் அரசின் நிழல் இருந்தது. வீதியோரங்களில் டயரோடு எரிந்த உடல்களையும் ஆறுகளில் மிதந்தவற்றையும் எண்ணி முடித்தவர் எவருமில்லை. 1990 பெப்ரவரி 18ஆம் திகதி அதிகாலை, பத்திரிகையாளர் ரிச்சர்ட் த சொய்ஸா தாயின் கண்ணெதிரே வீட்டிலிருந்து கொண்டு செல்லப்பட்டார். உடல் மொரட்டுவைக் கடற்கரையில் ஒதுங்கியது. லெஸ்டரின் 'யுகாந்தய'வில் தந்தையின் செல்வத்தை எதிர்த்து நிற்கும் இளைஞனாக நடித்தவர் அவர்.

வாலஸின் நாவலில் 'மெகாபோன்' என்றொரு நாளிதழ் வருகிறது. நால்வரின் மிரட்டல் கடிதங்களை அது பரபரப்பாக வெளியிடுகிறது, விற்பனை ஏறுகிறது. 1973இல் அதை நகைச்சுவையாகக் கொண்டேன். 1989இல் வெள்ளவத்தையில் ஒழுங்கையொன்றின் மாடி அறையிலிருந்து ஊரடங்குச் சட்டத்துக்குள் பாஸ் அட்டையோடு வேலைக்குப் போய்வந்த நாட்களில் அது நகைச்சுவையாக இல்லை. எங்கள் அலுவலகத்துக்கும் துண்டுகள் வந்தன. சிலவற்றைப் போட்டோம், சிலவற்றைக் கிழித்தோம். அஞ்சாமல் கிழித்தோம் என்று இப்போது எழுதினால் அது பொய்.

அதைவிடப் பெரிய பொய்யொன்றை நாள்தோறும் அச்சிட்டோம். 'இனந்தெரியாதோர்' என்ற சொல் அது. இனந்தெரியாத ஆயுததாரிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். இனந்தெரியாதோரால் கடத்திச் செல்லப்பட்டார். வடக்கானாலும் தெற்கானாலும், புலியானாலும் பூனையானாலும், எங்கள் ஏட்டில் அனைவருக்கும் அதே பெயர். உயிர் தப்புவதற்கு அச்சொல் உதவியது. அதை நான் மறுக்கவில்லை. எத்தனையோ சக பத்திரிகையாளர்கள் அச்சொல்லைத் தவிர்த்ததற்காகப் பின்னர் உயிர் கொடுத்தார்கள். ஆனாலும் பேசும் படங்கள் வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் கொழும்புப் பத்திரிகைகள் அக்காலத்தில் ஊமைப்படமே காட்டின. எழுதியவன் யார் என்று தெரியாத கடிதம் போலவே, சுட்டவன் யார் என்று தெரியாத செய்தி. வாசகன் வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டான்: சுட்டிருக்கிறார்கள் என்றால் ஏதோ இருக்கத்தானே வேண்டும்.

வாலஸின் நால்வருள் எஞ்சிய மூவரும் பிற்காலக் கதைகளில் அரசின் மன்னிப்பைப் பெற்று இலண்டனில் தனியார் துப்பறிவாளர்களாகக் கௌரவமாக வாழ்கிறார்கள். இதுவும் நம் நாட்டில் காணாத காட்சியல்ல.

குணரத்தினம் கொல்லப்பட்ட நாளில் செய்திமேசையில் நான் இருந்தேன். நான்கு பந்திகள் எழுதினேன். முதல் வரியிலேயே அந்தச் சொல். புரூப் வந்தபோது அதைப் பார்த்தவர் எங்கள் மூத்த ஒப்புநோக்காளர். அவரும் கொட்டாஞ்சேனைக்காரர், செல்லமஹாலில் படம் பார்த்து வளர்ந்தவர். தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, அந்த மனுசன் செய்த குற்றம் என்னவாம்?"

"தெரியாது அண்ணை."

"செய்தது ஆராம்?"

நான் தாளைக் காட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சற்று நேரம் நின்றார். பின்னர் பேனாவை எடுத்து, 'இனந்தெரியாத' என்ற சொல்லுக்கு நேரே ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டு, தாளை என்னிடமே தந்துவிட்டுப் போனார். பக்கத்தை முடிக்க ஒரு மணி நேரமே இருந்தது. அந்தக் கேள்விக்குறியை நான் அடித்துவிட்டு, சரி என்று ஒப்பமிட்டு அச்சுக்கு அனுப்பினேன்.